காலை 7.40, வேன்

ஜூன் 1, ஞாயிறு

பதினாறில் ஒரு பொது நோட்டு உண்டு. யார் யாருடைய ரோலைக் கழுவினார்கள், தண்ணீர் எத்தனை டிகிரி, டெவலப்பரில் எத்தனை நிமிடம் என எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும். எல்லாரும் படிப்பார்கள். நஸ்ரீன் சிவப்புப் பேனாவால் திருத்தவும் செய்வாள். ஆகவே திட்டுவதற்கும் புலம்புவதற்கும் எனக்கென்று இந்த நோட்டு.

பதினாறு என்பது எங்கள் லேபின் பெயர். பதினாறு மில்லிமீட்டர் பிலிமில் நாங்களே படம் எடுக்கிறோம், நாங்களே கழுவுகிறோம், நாங்களே திரையிடுகிறோம். ராயபுரத்தில் ஒரு பழைய லேத் பட்டறை. அதன் குளியலறைதான் இருட்டறை. தெருக்காரர்கள் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு, பதினாறாம் நாள் காரியம் செய்யும் இடம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போன மாதம் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து ஐயர் இருக்கிறாரா என்று கேட்டார்.

எங்கள் படங்களில் கதை, பாட்டு, சண்டை எதுவும் கிடையாது. நஸ்ரீன் போன வருடம் ஒரு ரோலை மீன் மார்க்கெட் உப்புத் தண்ணீரில் ஒரு வாரம் ஊறவைத்து, அதில் வந்த புள்ளிகளையே படமாகக் காட்டினாள். பெங்களூரிலிருந்து வந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். என் அம்மா, "மிஷின் ரிப்பேரா?" என்று கேட்டார்.

இன்று கஜபதி ஒரு ரோல் கொடுத்தார். ரயில்வே பார்சல் ஆபீஸில் கிளார்க். எங்கள் கேமராவே அவர் கொடுத்ததுதான். நான்கு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறார். மொத்தம் நாற்பது வார்த்தை பேசியிருப்பார். மனைவியும் பிள்ளையும் சேலத்தில் இருக்கிறார்கள் என்று மட்டும் தெரியும். இப்போது ஆறு வாரத்துக்கு அவரை அரக்கோணத்தில் டூட்டி போட்டிருக்கிறார்கள்.

"சகாயம், இத நீதான் கழுவணும். நஸ்ரீன் கை அவசரக் கை. உன்னுது ரத்தம் எடுக்கிற கை."

நான் மருத்துவ லேபில் ரத்தம் எடுக்கிறவள். குழந்தைக்குக்கூட வலிக்காமல் ஊசி ஏற்றுவேன். அதைச் சொல்கிறார்.

"இதுக்குக் காப்பி கிடையாது. தெரியும்ல?"

தெரியும். நெகட்டிவ் இல்லாத முறை இது. கேமராவில் ஓடிய அதே பிலிம்தான் கழுவி முடித்ததும் திரையில் ஓடும். உலகத்தில் ஒன்றே ஒன்று.

ஜூன் 5, வியாழன்

நஸ்ரீன் ஜூலை 12 என்று திரையிடலுக்குத் தேதி குறித்துவிட்டாள். சுவரில் எங்கள் இரண்டு விதிகளையும் புது அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறாள். படம் எடுத்தவர் தன் ரோலைத் தானே கழுவக்கூடாது. கழுவியவர் உட்பட யாரும் திரையிடலுக்கு முன் அதைப் பார்க்கக்கூடாது.

முதல் விதி வந்ததே அவளால்தான். தன் ரோலைத் தானே கழுவும்போது பொறுக்க முடியாமல் பாதியிலேயே வெளியே இழுத்துப் பார்த்த புண்ணியவதி.

ஜூன் 8, ஞாயிறு

கழுவியாகிவிட்டது.

பொது நோட்டில் எழுதியது: 20 டிகிரி, எல்லாப் படியும் சரி.

ரசாயனம் பழசு. ஐஸ் வேறு சீக்கிரம் கரைந்துவிட்டது. தண்ணீர் லாரி வராததால் டிரம்மில் கிடந்த தண்ணீர்.

ஜூன் 9, திங்கள்

ரசாயனம் பழசு இல்லை. வெள்ளிக்கிழமை நானே கலக்கியது. ஐஸும் காசிமேட்டிலிருந்து வந்த நல்ல பார்தான், பாதி மிச்சம் இருந்தது.

முதல் டெவலப்பர், பிறகு அதில் வந்த கறுப்பைக் கரைத்தெடுக்கும் பிளீச், அதன் பிறகே மூடியைத் திறந்து வெளிச்சம் காட்டி, இரண்டாவது டெவலப்பரில் போட வேண்டும். குளியலறைச் சுவரில் படிகளை எழுதியிருக்கிறோம். ஒவ்வொன்றும் முடிந்ததும் சாக்பீஸால் டிக் போட வேண்டும். நான் ஆரம்பிக்கும் முன்பே எல்லாவற்றுக்கும் டிக் போட்டுவிட்டேன். மருத்துவ லேபில் காலை ஏழு மணிக்கு நாற்பது பேர் வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்கும்போது அப்படித்தான் செய்வோம். முதலில் எல்லாம் டிக், பிறகு வேலை. கை பழகிவிட்டது.

சுவரைப் பார்த்தேன். பிளீச்சுக்கு நேராக டிக் இருந்தது. மூடியைத் திறந்து விளக்கைப் போட்டேன்.

அந்த நிமிடம் நினைவு வந்திருந்தால்கூட நேராகப் படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸரில் போட்டு நெகட்டிவாகவாவது காப்பாற்றியிருக்கலாம். இரண்டாவது டெவலப்பரில் ஆறு நிமிடம் ஆட்டிய பிறகுதான் பிளீச் ஜாடி நிரம்பியபடியே இருப்பதைப் பார்த்தேன். நூறு அடி பிலிமும் தார் மாதிரிக் கறுப்பு. மொட்டை மாடியில் கொடியில் போட்டு வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். ஒரு பொட்டு வெளிச்சம்கூட வரவில்லை.

சுருட்டி என் சாப்பாட்டுப் பையில் வைத்திருக்கிறேன். குப்பையில் போடவும் முடியவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

அரக்கோணத்திலிருந்து போன்.

"வந்துச்சா?"

"காயுது" என்றேன்.

"பாக்கல இல்ல?"

"விதிய நான் மீறுவேனா?"

அவர் சிரித்தார். கஜபதி சிரித்து நான் கேட்டதே இல்லை.

மாலையில் நஸ்ரீனிடம் பொதுவாகக் கேட்பதுபோல், ஒரு ரோல் முழுக்கக் கறுப்பாக வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "அப்படியே போடுவேன்க்கா. ரெண்டு வருஷம் முன்னாடி ஒருத்தர் அரை மணி நேரம் வெறும் கறுப்பு போட்டாரே, மறந்துட்டீங்களா? எல்லாரும் கைதட்டினோமே." உண்மைதான். நானும் தட்டினேன். கஜபதியும் தட்டுவார், நான் சொல்வதை நம்பி, ஒரு வார்த்தை பேசாமல் தட்டிவிட்டு வீட்டுக்குப் போவார். அதை நினைத்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

டப்பாவுக்குள் அவர் எழுதி வைத்த சீட்டு இருக்கிறது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை முப்பத்திமூன்று நாள். எல்லா வரியும் ஒன்றுதான்: காலை 7.40. சூளை, தண்ணீர் டேங்க் எதிரே, டீக்கடைத் தூண். 5 விநாடி. என்ன என்ற இடத்தில்: வேன்.

தினமும் ஒரே வேனை ஐந்து விநாடி. இதென்ன பெரிய விஷயம்? வேன் இன்னும் அங்கேதானே வரும்? தூணும் அங்கேதானே இருக்கும்?

பிரிட்ஜில் என் ரோல் ஒன்று இருக்கிறது. இரண்டு வருடமாக என் சொந்தப் படத்துக்கென்று வைத்திருப்பது. என்ன எடுப்பது என்றுதான் இன்னும் தெரியவில்லை.

ஜூன் 11, புதன்

என் ரோல். அவர் கேமரா. சூளைப் பகுதியில், தண்ணீர் டேங்க் எதிரே.

காலை ரத்தம் எடுக்கும் முறையைக் கூடவே வேலை செய்யும் ஜெசிந்தாவிடம் மாற்றிக்கொண்டேன். பதிலுக்கு ஒரு மாதம் ஞாயிற்றுக்கிழமை அவள் முறையை நான் பார்க்க வேண்டும். பரவாயில்லை.

7.42க்கு ஒரு மஞ்சள் வேன் வந்தது. நான்கைந்து பிள்ளைகள் ஏறின. வேன் போய்விட்டது. எட்டு விநாடி எடுத்தேன். இன்னும் இருபது நாள்தான் இருக்கிறது, நாளுக்கு எட்டு எடுத்தால்தான் ரோல் நிறையும். திரையில் ஐந்தா எட்டா என்று யார் எண்ணப்போகிறார்கள்?

வேனில் ஒன்றுமே இல்லை. சாதாரண வேன். பின்னால் 'தூரம் தள்ளி வா' என்று எழுதியிருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

கேமரா பீரோவில் இல்லாததை நஸ்ரீன் கண்டுபிடித்துவிட்டாள். பிரிட்ஜில் என் ரோல் இல்லாததையும்.

"அக்கா, ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். "ரெண்டு வருஷமா அந்த ரோலுக்குப் பக்கத்துல தயிர் வச்சு எடுத்துட்டு இருந்தேன். எனக்கே கஷ்டமா இருந்துச்சு."

திருதிருவென விழித்தேன். "சும்மா ஒரு முயற்சி" என்றேன். அவள் கண்ணில் தண்ணீர். எனக்கு அவளை அறையலாம்போல இருந்தது. என்னையும்தான்.

ஜூன் 17, செவ்வாய்

வேன் ஆயாம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா, டெய்லி வந்து புள்ளைங்கள படம் புடிக்கிற? யாரு நீ? போலீசக் கூப்புடவா?"

கேமராவை என்ன செய்வது என்று தெரியாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். டீக்கடைக்காரர்தான் காப்பாற்றினார். "அய்ய, வுடு. ரயில்வே சாரு கேமரா இது. அவருதான் அனுப்பிச்சிருப்பாரு." ஆயாம்மா என்னைக் கீழிருந்து மேலாக ஒருமுறை பார்த்தார். "அந்தாளுக்கு இதே வேல" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போனார்.

நான் டீ வாங்கிக்கொண்டு, எதுவும் தெரியாததுபோல், சாருக்கு இந்த வேன்மேல் என்ன அவ்வளவு ஆசை என்று கேட்டேன்.

"வேனா?" டீக்கடைக்காரர் பாய்லரிலிருந்து திரும்பினார். "ரெட்ட ஜட போட்டுக்கினு கடைசியா ஏறுதே, அது அவரு பொண்ணும்மா. உனக்குத் தெரியாதா? கேஸு நடக்குது. மாசத்துல ஒரு நாளு கோர்ட்டுல பாக்கலாமாம். அங்க வந்தா பொண்ணு அழுவுதுன்னு இவுரு போறதே இல்ல. இங்க தூணாண்ட நின்னுப்பாரு. கிட்ட போவ மாட்டாரு. வேன் போனதும் டீய அப்பிடியே வச்சுட்டுப் போய்டுவாரு."

சேலம் என்று எங்களிடம் சொன்னது பொய். என் டீயையும் அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 18, புதன்

போகவில்லை.

ஜூன் 19, வியாழன்

போனேன். அவள் பெயர் மிதுனா. ஆயாம்மா கூப்பிட்டபோது கேட்டது. பத்து வயது இருக்கும். முதுகை விடப் பெரிய பை. ஏறும் முன் ஒரு காலைத் தரையில் தேய்க்கிறாள், செருப்பில் மண் ஒட்டியிருப்பதுபோல. கஜபதியும் லேபுக்குள் வரும்போது அப்படித்தான் செய்வார். நான்கு வருடமாக நஸ்ரீன் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள்.

வேலைக்குத் தாமதம். சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டு இரண்டை மாற்றி எழுதினேன். நல்லவேளை, ஜெசிந்தா பார்த்துவிட்டாள்.

ஜூன் 22, ஞாயிறு

கஜபதி ஒரு நாள் லீவில் வந்திருந்தார். காலை முறையை முடித்துவிட்டு வந்து, பதினாறில் மிச்சத் தண்ணீரை ஊற்றித் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன், மூன்றாவது முறை. உட்காரவே முடியவில்லை.

"கேமரா எங்க?"

"என்கிட்டதான் இருக்கு. படம் எடுக்கிறேன்."

"நல்லது" என்றார். ரோல் வைத்திருக்கும் அலமாரிப் பக்கம் பார்த்தார், எழுந்து போகவில்லை. விதியை மதிக்கிறவர். வேறு யாராவது என்றால் டப்பாவைத் திறந்திருப்பார்கள், எனக்கும் அன்றே விடுதலை கிடைத்திருக்கும்.

"அதுல என்ன இருக்குன்னு கேக்க மாட்டியா?" என்றார் திடீரென்று.

"சொன்னா கேட்டுக்கறேன்."

"வேணாம். பன்னெண்டாம் தேதி பாத்துக்கோ." "அரக்கோணத்துல தெனம் காலைல ஏழே முக்காலுக்கு ஒரு கூட்ஸ் வரும். அதுக்குள்ள மனசு என்னென்னமோ ஆயிடுது. அந்த ரோல் இங்க இருக்குன்னு நினைச்சுக்கறேன். அப்புறம் வேலையப் பாக்கறேன்."

அவர் போகும்வரை தரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். என் சாப்பாட்டுப் பை அவர் காலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

ஜூன் 25, புதன்

எட்டு விநாடி. வெயில் சரியில்லை.

ஜூன் 27, வெள்ளி

மிதுனா சாலையைக் கடந்து என்னிடமே வந்துவிட்டாள். வேன் இன்னும் வரவில்லை. கேமராவின் கைப்பிடியில் ஒரு பச்சை இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கும். கோணல்மாணலாக, நாலு சுற்று. வெளிச்சம் கசியாமல் இருக்க ஒட்டியது என்றுதான் நினைத்திருந்தேன். அதைப் பிய்த்துவிட்டுப் புதிதாக ஒட்டச் சொல்லி ஒருமுறை கஜபதியோடு சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.

அவள் அந்த டேப்பைத் தொட்டாள்.

"இது எங்கப்பா கேமரா. இத நான்தான் ஒட்னேன். யூகேஜி படிக்கும்போது."

நான் தலையாட்டினேன்.

"அப்பா எங்க ஆன்ட்டி?"

"அரக்கோணத்துல டூட்டி. ஜூலைல வந்துருவார்."

"ஓ." தூணைப் பார்த்தாள். "டெய்லி இங்கதான் நிப்பாரு. எனக்குத் தெரியும். ஆனா நான் பாக்க மாட்டேன்."

"ஏன்?"

"ஒரு வாட்டி பாத்தேன். உடனே போயிட்டாரு. மூணு நாள் வரவே இல்ல. அதனால பாக்காத மாதிரியே இருப்பேன். அப்பதான் நிப்பாரு."

வேன் வந்தது. ஆயாம்மா கத்தினார். அவள் ஓடினாள். நான் சாவி கொடுத்த கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பொத்தானை அழுத்தவே இல்லை. இன்றைய எட்டு விநாடி போய்விட்டது.

முப்பத்திமூன்று நாளும் அந்த மனுஷனுக்குக் கிடைத்தது அவள் திரும்பாத முகம். அதைத்தான் கறுப்பாக்கி வைத்திருக்கிறேன்.

ஜூலை 1, செவ்வாய்

எதிர்வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றாள். மிதுனாவின் அம்மா. ஆயாம்மா சொல்லியிருக்க வேண்டும். என்னையும் கேமராவையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். கூப்பிட்டுத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டாமல் உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 2, புதன்

இன்று மிதுனாவை வேன் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே வெளியே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக் கடிகாரம் வேகமாக ஓடுகிறதோ என்னவோ.

ஜூலை 3, வியாழன்

இன்றும் பத்து நிமிடம் முன்பே.

ஜூலை 8, செவ்வாய்

கடைசி நாள். மீட்டரில் பதினோரு விநாடி பாக்கி இருந்தது.

அவள் நேராக என்னிடம் வந்தாள். ஆயாம்மாவும் இப்போதெல்லாம் ஒன்றும் சொல்வதில்லை. "இத அப்பா பாப்பாரா?" என்று கேட்டாள். பார்ப்பார் என்றேன். "அப்ப நான் சொல்றத எடுங்க" என்று லென்ஸுக்கு நேராக, மூன்றடி தள்ளி நின்றாள். ரெட்டை ஜடையை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இதுல குரல் வராதுடா. ஊமைப் படம்" என்றேன்.

"பரவால்ல. அவருக்குப் புரியும்."

சாவி கொடுத்தேன். அவள் சொன்னாள். ரோல் தீர்ந்து கேமரா படபடவென்று அடித்துக்கொண்டது.

என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதிவிட்டால் சொல்லிவிட்டதுபோல ஆகிவிடும்.

ஜூலை 10, வியாழன்

எடுத்தவளே கழுவினேன். அந்த விதியும் போயிற்று.

சாக்பீஸைக் குளியலறைக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே போனேன். ஒவ்வொரு படி முடிந்ததும் ஜாடியை முகர்ந்து பார்த்து, கதவு வரை போய் சாக்பீஸை எடுத்து வந்து, பிறகு டிக். ஐஸ் பாரைக் கோணியில் சுற்றி டேங்கைச் சுற்றிலும் அடுக்கினேன்.

நன்றாக வந்திருக்கிறது. என் வாழ்க்கையில் இதைவிட நன்றாக எதையும் கழுவியதில்லை.

மாடியில் காய்ந்ததும் லூப் என்கிற பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். இரண்டாவது விதியும் போயிற்று. கடைசிப் பதினோரு விநாடி தவிர மற்ற எல்லாம் எட்ட இருந்து எடுத்தவை. வேன், பை, ஜடை, திரும்பாத முகம். எல்லாம் அவர் எடுத்ததுபோலவே இருக்கும். கடைசித் துண்டை மட்டும் வெட்டி எடுத்துவிட்டால் ஒரு பயலுக்கும் தெரியாது. கத்தரிக்கும் கருவி மேஜைமேல்தான் இருக்கிறது. ஒரு தட்டு, ஒரு டேப். அரை நிமிட வேலை.

வெட்டாவிட்டால் முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். அவள் ஒருநாளும் அவர் பக்கம் திரும்பியதில்லை அல்லவா.

ஜூலை 11, வெள்ளி

வேலையில் நாள் முழுக்க ரத்தக் குழாய்களை அடுக்கினேன், கலைத்தேன், அடுக்கினேன். ஜெசிந்தா, "உனக்கு இன்னா ஆச்சு, உன் சுகர எடுக்கவா?" என்றாள்.

மாலை லேபுக்குப் போனேன். கருவியின் பிளேடு மழுங்கியிருந்தது. அதனால் வெட்டவில்லை. அவ்வளவுதான். புது பிளேடு வாங்கக் கடைக்குப் போக நேரமில்லை.

அவர் டப்பாவில், அவர் சீட்டோடு, புது ரோலை வைத்து மூடினேன்.

ஜூலை 12, சனி

சாயங்காலம் நான்கு மணிக்கு முப்பது பேர். ஜன்னலுக்கெல்லாம் கறுப்பு ரெக்சின் அடித்து உள்ளே அடுப்பாக இருந்தது. பெங்களூர்க்காரர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். கஜபதி காலையில்தான் அரக்கோணத்திலிருந்து டூட்டி முடித்து வந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. புரொஜெக்டருக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டார். கழுவியவர்தான் ரோலை மாட்டி ஓட்ட வேண்டும் என்பதால் அவருக்கும் எனக்கும் ஒரு முழம் இடைவெளி.

நஸ்ரீன், "அடுத்து கஜபதி சாரோட படம். தலைப்பு: வேன்" என்றாள். யாரோ சிரித்தார்கள்.

ஓட்டினேன். வேன் வந்தது, போனது. வேன் வந்தது, போனது. நான் திரையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. கைகள் மட்டும் முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தன. தப்பித்துவிட்டேன் என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு என்னை நானே மன்னிக்கப்போவதில்லை.

பிறகு அவள் வந்தாள். சுவர் முழுக்க அவள் முகம். நேராகப் பார்த்தாள், வாயைத் திறந்து பேசினாள், சிரித்தாள், பிலிம் வெள்ளையாகிக் கடகடத்து நின்றது. நான் விளக்கைப் போடவில்லை.

"என்ன சொன்னா?"

எல்லாரும் வெறும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது படத்தின் ஒரு பகுதி என்று நினைத்தார்களோ என்னவோ.

"யாருக்காச்சும் புரிஞ்சுதா?" கஜபதி எழுந்து நின்றுவிட்டார். "வாய் அசையுதே. என் பொண்ணுங்க அது. என்ன சொன்னா?"

நஸ்ரீன் தடுமாறினாள். "சார், மறுபடி ஓட்டலாம் சார். எல்லாருமா சேந்து பாத்துக் கண்டுபிடிக்கலாம்."

நூறு தடவை ஓட்டினாலும் கண்டுபிடிக்க முடியாது. அந்த அறையில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"'அப்பா, இனிமே நான் உன்னப் பாப்பேன். நீ போவாத'ன்னு சொன்னா" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"உன் ரோல நான் கெடுத்துட்டேன் கஜபதி. பிளீச்ச மறந்துட்டேன். இது நான் எடுத்தது." முதல்முறையாக அவரை நீ என்று சொல்லியிருக்கிறேன். அப்போது தெரியவில்லை.

நஸ்ரீன் விளக்கைப் போட்டாள். முப்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். கஜபதி உட்கார்ந்தார்.

"மொத ஷாட்லயே தெரிஞ்சுது. பை புதுசு. நான் எடுக்கும்போது நீலப் பை." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஆனா ஜூன், ஜூலைல அவ எப்பிடி இருந்தான்னு எனக்கு யாரு காட்டுவா? அதான் பேசாம பாத்தேன்."

"மன்னிச்சுக்கோங்க" என்றேன்.

அவர் கையை நீட்டினார். "என்னுது எங்க?"

சாப்பாட்டுப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக் கையில் நிறுத்துப் பார்ப்பதுபோல் பிடித்திருந்தார். என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"போடு."

மாட்டினேன். நஸ்ரீன் விளக்கை அணைத்தாள். இரண்டு நிமிடம் நாற்பத்தாறு விநாடி, முழுக் கறுப்பு. புரொஜெக்டர் சத்தம் மட்டும். அவர் ஒரு கணமும் கண்ணை எடுக்காமல் அந்தக் கறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோல் முடிந்தது. யாரும் கைதட்டவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

நஸ்ரீன் இருட்டறைச் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். ஆறு மாதத்துக்கு நான் உள்ளே போகக்கூடாது. பொது நோட்டில் ஜூன் 8ஆம் தேதிப் பக்கத்தில் 'எல்லாப் படியும் சரி' என்பதைச் சிவப்புப் பேனாவால் அடித்திருக்கிறாள். பக்கத்தில் எதுவும் எழுதவில்லை.

வாசலில் கஜபதி காலைத் தேய்த்துக்கொண்டு நின்றார். உள்ளே வரவில்லை.

"ரெண்டு மாசம் உன்கிட்ட பேசப்போறதில்ல, சகாயம்."

"சரி."

"நாளைக்குக் காலைல சூளைக்கு வா. கேமரா வேணாம்."

ஜூலை 14, திங்கள்

7.30க்கே வந்திருந்தார். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார், பேசவில்லை. தூணுக்குப் பின்னால் நிற்காமல் முன்னால் வந்து நின்றார். 7.33க்கு மிதுனா வாசலுக்கு வந்தாள், பையை இறக்கி வைத்தாள், இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அவருடைய ஒரு கால் பின்னால் போனது. நான் பார்த்தேன். அப்புறம் அந்தக் காலை முன்னால் கொண்டுவந்து, மண்ணில் தேய்த்து, அங்கேயே வைத்தார். வேன் வந்து போகும்வரை நின்றார்.